எச்.ஐ.வி. ஒளிந்திருக்கும் செல்களைக் கொல்லும் சிகிச்சைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். "எச்.ஐ.வி.க்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றினால் போதும், இவை எல்லாம் வரிசை கட்டி வந்துவிடும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: தொற்றிய செல்லைக் குறிவைத்து அழிக்கும் சிகிச்சை எதுவும் இன்றைக்கு எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்காது. எல்லாம் ஆய்வு நிலையில் இருப்பவை.

1. வைரல் லோடு "கண்டறிய முடியவில்லை"ன்னுதான் ரெண்டு வருஷமா வருது. அப்புறம் எதுக்கு இன்னும் மாத்திரை?

வைரல் லோடு பரிசோதனை ரத்தத்தில் மிதக்கும் வைரஸை மட்டுமே எண்ணுகிறது. எச்.ஐ.வி. ஒரு சி.டி.4 செல்லுக்குள் (நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒரு வகை வெள்ளைச் செல்) நுழைந்ததும் தன் மரபுக் குறிப்பை அந்தச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தைத்துவிடும். நீங்கள் தினமும் சாப்பிடும் டி.எல்.டி. மாத்திரை (டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி.) வைரஸ் புதிய செல்லுக்குள் போய்த் தைத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஏற்கெனவே தைக்கப்பட்ட செல்லை அது தொடுவதே இல்லை.

அப்படிப்பட்ட செல்களில் சில வைரஸை உற்பத்தி செய்யாமல் சும்மா கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால், அவற்றில் ஏதோ ஒன்று விழித்து வைரஸைக் கக்கும், தடுக்க ஆளில்லை. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்துக்குள் வைரல் லோடு மறுபடி ஏறிவிடுகிறது. கண்டறிய முடியாத நிலையைத் தொடர்ந்து காத்து வருபவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பது உறுதியான உண்மை. ஆனால் அந்த நிலை மாத்திரையால் நிற்பது.

2. அந்த மாதிரி செல்லு எத்தனை இருக்கும்? நாளாக நாளாகத் தானே செத்துப் போகாதா?

ஓய்வில் இருக்கும் சி.டி.4 செல்களில் சுமார் பத்து லட்சத்துக்கு ஒன்று என்பதுதான் பொதுவான கணக்கு. உயிருள்ள வைரஸை மறுபடி உண்டாக்கக்கூடிய செல்களை மட்டும் சேர்த்த எண் இது. சாவது உண்டு, ஆனால் மெதுவாக. இந்தத் தொகை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதம் ஆகிறது. அந்த வேகத்தில் முழுவதும் தீர 70 ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

போதாததற்கு, இவை நினைவாற்றல் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள். நீண்ட நாள் வாழ்வதும், பழைய கிருமியைக் கண்டால் பெருகுவதும்தான் அவற்றின் வேலை. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே தைத்திருக்கும் வைரஸ் குறிப்பும் சேர்ந்து நகலாகிறது. இதற்குப் புதிய தொற்று எதுவும் தேவையில்லை, அதனால் மாத்திரையாலும் தடுக்க முடியாது. இருப்பிடமும் ஒரு தலைவலி. உடலின் நிணச் செல்களில் (சி.டி.4 உள்ளிட்ட எதிர்ப்புச் செல்கள்) சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகின்றன. மீதி நிணக்கணுக்களிலும் குடல் சுவரிலும் மற்ற திசுக்களிலும் இருக்கின்றன.

3. கேன்சர் கட்டியையே குறிவெச்சு அழிக்கிறாங்க. இந்தச் செல்லை அழிக்க முடியாதா?

கொல்வதற்கு ஆயுதம் ஏராளமாக இருக்கிறது. எதைக் கொல்வது என்று அடையாளம் காண்பதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வைரஸை உற்பத்தி செய்யும் செல்லின் மேற்பரப்பில் வைரஸின் உறைப் புரதம் துருத்திக்கொண்டிருக்கும், பிடித்துவிடலாம். தூங்கும் செல்லில் அது கிடையாது. தேர்தல் நேரத்தில் கொடி கட்டாத வீட்டைப் பார்த்து அது எந்தக் கட்சி வீடு என்று சொல்ல முடியாது, அதுபோலத்தான்: பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான செல்லுக்கும் இதற்கும் வெளியில் வித்தியாசம் இல்லை.

இனி வரும் பதில்களில் எந்தச் சிகிச்சையைப் பற்றிப் படித்தாலும் இந்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள்: தூங்கும் செல்லை இது எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாதிச் செய்திகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

4. "எழுப்பிக் கொல்றது"ன்னு ஒரு முறை சொல்றாங்களே, அது பலிக்கலையா?

யோசனை எளிது. மாத்திரையை விடாமல் தொடர்ந்தபடியே, தூங்கும் செல்லை ஒரு மருந்தால் விழிக்க வைப்பது. விழித்தால் வைரஸ் புரதம் வெளியே தெரியும்; உடலின் கொல்லும் செல்கள் (சி.டி.8) அதை முடித்துவிடும். வெளிவரும் வைரஸ் புதிய செல்லில் நுழையாமல் மாத்திரை பார்த்துக்கொள்ளும். டி.என்.ஏ. சுருளைத் தளர்த்தும் புற்றுநோய் மருந்தான வோரினோஸ்டாட்டைக் கொடுத்துப் பார்த்ததில், ஓய்வுச் செல்களுக்குள் வைரஸ் ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கு முன் எடுக்கப்படும் மரபுக் குறிப்பின் நகல்) கூடுவதாக 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுப்புவது மனிதரில் சாத்தியம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் விழித்த செல் சாகவில்லை. பிரிட்டனில் 60 பேரிடம் நடந்த ரிவர் ஆய்வில் ஒரு பாதிக்கு வழக்கமான மாத்திரை மட்டும். மறு பாதிக்கு அதனுடன் இரண்டு தடுப்பூசிகளும் 10 வேளை வோரினோஸ்டாட்டும். 2020-இல் முடிவு வந்தபோது இரு பக்கத்திலும் தொற்றிய செல்களின் அளவில் வித்தியாசமே இல்லை.

காரணங்கள் பல. மருந்து ஒரு சிறு பங்கைத்தான் எழுப்புகிறது. எழுந்த செல்லும் பெரும்பாலும் ஆர்.என்.ஏ. அளவிலேயே நின்றுவிடுகிறது, புரதம் வரை போவதில்லை. தொற்று ஏற்பட்டு நாளாகிச் சிகிச்சை தொடங்கியவர்களிடம் இன்னொரு சிக்கல்: ஒளிந்திருப்பவற்றில் மிகப் பெரும்பான்மை, சி.டி.8 செல்களின் பிடியிலிருந்து ஏற்கெனவே உருமாறித் தப்பிய வைரஸ்கள். எழுப்பிவிட்டாலும் பழைய காவலாளிக்கு அவற்றைத் தெரியாது. இப்போது செல்லின் வேறு சமிக்ஞைப் பாதைகளைத் தொடும் மருந்துகளையும், வைரஸின் சொந்த விழிப்புப் புரதமான டாட்டை உண்டாக்கும் எம்.ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகளில் வைத்து ஓய்வுச் செல்லுக்குள் அனுப்புவதையும் முயல்கிறார்கள். இரண்டாவது, 2025-இல் வெளியானபோது, சோதனைக்கூடத்தில் மனிதச் செல்கள் வரைதான் வந்திருந்தது.

5. கார்-டி செல் சிகிச்சை இந்தியாவுக்கே வந்தாச்சு. அதை எச்.ஐ.வி.க்குப் போட்டா என்ன?

2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டுமானது. அது பிடிக்கும் சி.டி.19 என்ற அடையாளம் எல்லா பி-செல்களிலும் நிறைந்திருக்கும், இலக்குக்குப் பஞ்சமில்லை. எச்.ஐ.வி.யில் நிலைமை நேர்மாறு.

செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான். இயந்திரத்தில் ரத்தத்தைச் சுற்றவிட்டு வெள்ளைச் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். வலுவிழக்கச் செய்த ஒரு வைரஸ் வண்டி மூலம் அவற்றில் டி-செல் என்ற வகைக்குள் புதிய ஏற்பிக்கான (இலக்கைப் பிடிக்கும் கொக்கி) மரபணுவை ஏற்றுகிறார்கள், பெருக்குகிறார்கள், தரம் பார்த்து உறைய வைக்கிறார்கள். பல நெறிமுறைகளில், நோயாளிக்குச் சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற மருந்தால் பழைய செல்களைக் குறைத்து இடம் பண்ணிவிட்டுத்தான் செல்களை ஏற்றுவார்கள். எச்.ஐ.வி.க்கு எதிரான ஏற்பி, வைரஸ் உறைப் புரதத்தைப் பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது.

பலருக்குத் தெரியாத செய்தி: மனிதரில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட கார்-டி செல்களில் 1990-களின் எச்.ஐ.வி. ஆய்வுகளும் அடங்கும். அந்தச் செல்கள் சிலரின் உடலில் பத்து ஆண்டுக்கு மேல் நிலைத்தன, பாதுகாப்பாகவும் இருந்தன. ஆனால் நோயை அடக்கவில்லை. ஏற்பியாக வைத்தது சி.டி.4 மூலக்கூறு, அதுவோ எச்.ஐ.வி.க்கே வாசல். கொல்லப் போன செல்லையே வைரஸ் பிடித்துவிடும். அதனால் இப்போது ஒரே செல்லில் உறைப் புரதத்தின் இரண்டு இடங்களைப் பிடிக்கும் ஏற்பிகளையும், வைரஸ் நுழையாமல் தடுக்கும் பூட்டையும் சேர்த்து வைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அப்படியொரு ஆய்வு மனிதரில் தொடங்கப்பட்டது.

மீதமுள்ள இக்கட்டு இது: மாத்திரை வேலை செய்யும்போது இலக்குப் புரதம் இல்லை, இலக்கு இல்லாவிட்டால் கார்-டி செல்கள் பட்டினியில் குறைந்துபோகின்றன. மாத்திரையை நிறுத்தினால் இலக்கு வரும், கூடவே வைரஸும் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்-டி பெற்ற புற்றுநோயாளிகளில் அரிதாகப் புதிய டி-செல் புற்று வருவதால், அந்த எச்சரிக்கையை அந்த மருந்துகளின் குறிப்பில் சேர்க்க 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. சாகக் கிடக்கும் புற்றுநோயாளி ஏற்கிற அபாயத்தை, ஒரு மாத்திரையில் நலமாக இருப்பவர் ஏற்கலாமா என்பது எங்கள் பார்வையில் எளிதாகத் தாண்டிவிடக்கூடிய கேள்வி இல்லை.

6. ஆன்டிபாடி ஊசி போட்டு மாத்திரை இல்லாம இருக்காங்களாமே? அது செல்லைக் கொல்லுதா?

ஓரளவுக்கு. பரந்த ஆற்றலுள்ள ஆன்டிபாடிகள் வைரஸின் உறையில் மாறாத பகுதிகளைப் பிடிக்கும். முன் நுனி வைரஸைப் பிடிக்க, பின் நுனி கொல்லும் செல்களை அழைக்கிறது. வைரஸைக் கக்கும் செல்லின் மேல் ஒட்டினால் அந்தச் செல்லும் அழிகிறது. தூங்கும் செல்லுக்கு 3-ஆம் பதிலில் சொன்னதே பொருந்தும்.

2025-இல் வெளியான ரியோ ஆய்வில், நீண்ட நாள் நிற்கும் இரண்டு ஆன்டிபாடிகளைப் பெற்றவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு 20 வாரம் மாத்திரையின்றியும் வைரஸ் எழவில்லை; போலி ஊசி பெற்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் அப்படி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 20 பெண்களிடம் ஆன்டிபாடிகளோடு ஒரு எதிர்ப்புத் தூண்டி மருந்தும் கொடுத்துப் பார்த்ததில் 6 பேர் 48 வாரம் தாக்குப்பிடித்தார்கள். செய்திகளில் விட்டுப்போகும் விவரம்: இரண்டிலும் சேர்க்கப்பட்டவர்கள் தொற்றிய ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்கியவர்கள். தொற்றி எட்டு வருடம் கழித்து மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு இதே முடிவு வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வைரஸ் அந்த ஆன்டிபாடிக்கு ஏற்கெனவே தப்பும் வகையாக இருந்தால் ஊசியே வீண்.

இதன் அடுத்த படி இருமுனைப் புரதம். ஒரு முனை தொற்றிய செல்லை, மறு முனை அருகில் இருக்கும் ஏதோ ஒரு டி-செல்லைப் பிடித்து இழுத்து ஒட்டவைக்கும். இதில் ஒரு வகை, உறைப் புரதத்தை விட்டுவிட்டு, செல் தன் மேற்பரப்பில் காட்டும் வைரஸ் புரதத் துணுக்கைத் தேடுகிறது. மிகக் குறைந்த துணுக்குகளையும் பிடிக்கும் என்பது அதன் பலம். குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பது பலவீனம்.

7. ஊசி, செல் எல்லாம் வேண்டாம். மாத்திரையாலயே அந்தச் செல்லைச் சாகடிக்க வழி இல்லையா?

இருக்கிறது, எங்களுக்கு மிகவும் சுவையான பகுதியும் இதுதான். வைரஸின் புரோட்டியேஸ் என்ற கத்தரி, வைரஸ் செல்லை விட்டு வெளியேறும்போதுதான் வேலை தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும்போதே தொடங்கினால் செல்லுக்கு ஆபத்து. மனிதச் செல்லில் கார்ட்8 என்றொரு புரதம் இருக்கிறது. கத்தரி அதை வெட்டினால் செல் தன்னைத் தானே வெடிக்க வைத்துக்கொள்ளும். எஃபவிரென்ஸ், ரில்பிவிரின் போன்ற பழகிய மருந்துகள் கத்தரியின் முன்வடிவங்களை இரண்டிரண்டாக ஒட்டவைத்து, நேரத்துக்கு முன்பே கூர்தீட்டிவிடுகின்றன என்று 2021-இல் காட்டினார்கள். தொற்றிய செல் மட்டும் சாகிறது. தொற்றாத செல்லில் கத்தரியே இல்லை.

உடனே வரும் கேள்வி: "அப்போ நான் பழைய எஃபவிரென்ஸை டபுளா போட்டுக்கிறேன்." வேண்டாம். இந்த விளைவுக்குத் தேவைப்படும் செறிவு வழக்கமான வேளையில் ரத்தத்தில் கிடைப்பதைவிட அதிகம், அந்த அளவில் தலைசுற்றலும் மனக்குழப்பமும் முதலில் வரும். தவிர, கத்தரியின் முன்வடிவத்தைச் செல் உற்பத்தி செய்தால்தான் ஒட்டவைக்க ஏதாவது இருக்கும். தூங்கும் செல்லில் அதுவும் இல்லை. இதற்கென்றே வீரியமான புதிய மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள்.

வெனெடோக்ளாக்ஸ் வேறு வழி. தொற்றிய செல்கள் சாகாமல் பிழைக்க பி.சி.எல்-2 என்ற புரதத்தைச் சார்ந்திருக்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் இந்த மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்தும். எலிகளில் வைரஸ் திரும்புவதைத் தாமதப்படுத்தியது. ஆனால் வெள்ளைச் செல்களையும் குறைக்கும் மருந்து, அதனால் மனித ஆய்வில் சிறு அளவில் தொடங்குகிறார்கள்.

8. பெர்லின்ல ஒருத்தர் முழுசா குணமானாரே. அந்த ஸ்டெம் செல்லை எனக்கும் போடச் சொல்லுங்க.

நீங்கள் சொல்பவர் டிமத்தி ரே பிரவுன். அவருக்கு ஸ்டெம் செல் மாற்று செய்யப்பட்டது ரத்தப் புற்றுநோய்க்காக, 2007-இலும் 2008-இலும். மருத்துவர் கெரோ ஹட்டர், எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசல் பிறவியிலேயே பழுதான ஒரு கொடையாளரைத் தேடிப் பிடித்தார். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 1 சதவீதம் பேரிடம்தான் இந்த இரட்டைப் பழுது உண்டு; நம் பகுதியில் மிக மிக அரிது. பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து குணமானார், 2020-இல் அதே புற்றுநோய் திரும்பியதால் இறந்தார். பிறகு லண்டனின் ஆடம் காஸ்டிலெஹோ உட்பட ஒரு சிலர் இப்படிக் குணமாகியிருக்கிறார்கள். எல்லோருக்கும் மாற்று சிகிச்சை நடந்தது புற்றுநோய்க்காகத்தான்.

பழுதான வாசல்தான் காரணம் என்று வெகுநாள் நம்பப்பட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட ஜெனீவா நோயாளியின் கொடையாளருக்கு வாசல் சாதாரணமாகவே இருந்தது. ஆகவே பெரிய வேலையைச் செய்தது வேறொன்று: புதிய எதிர்ப்புச் செல்கள் பழைய ரத்தச் செல்களை, தூங்குபவை உட்பட, பாகுபாடின்றி அழித்தது. அதாவது 3-ஆம் பதிலின் சிக்கலை இந்தச் சிகிச்சை தீர்க்கவில்லை. யார் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒழித்துத் தாண்டியது. அதன் விலை கடுமையான கீமோ, கொடையாளர் செல்கள் உடலையே தாக்கும் நோய், உயிரிழப்பு. இருந்தும் பாஸ்டனில் சாதாரண வாசலுள்ள கொடையாளர்களிடம் பெற்ற இருவருக்கு, மாத்திரை நிறுத்திய 12, 32 வாரங்களில் வைரஸ் திரும்பிவிட்டது. புற்றுநோய் இல்லாதவருக்கு இதைச் செய்வது மருத்துவம் ஆகாது.

9. கிரிஸ்பர்னு மரபணுவையே வெட்டி எடுத்துடுறாங்களே, செல்லைக் கொல்லவே வேண்டாமே?

நல்ல யோசனை, தூக்கத்தையும் பொருட்படுத்தாத முறை. ஈ.பி.டி-101 என்ற சிகிச்சை, ஒரு ஊசியில் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியை உடலெங்கும் அனுப்பி, வைரஸ் குறிப்பை மூன்று இடங்களில் வெட்டியெடுக்க முயன்றது. 2022-இல் முதல் நபருக்குப் போடப்பட்டது. பாதுகாப்பில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திய மூவருக்கும் வைரஸ் திரும்பியது, ஒருவருக்கு மட்டும் 16 வாரம் தாமதமாக. கருவி போய்ச் சேராத செல் ஒன்று மிச்சமிருந்தாலும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

10. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி வந்திருக்காமே, அது குணப்படுத்துமா?

லெனகாபவிரைச் சொல்கிறீர்கள். தொற்று வராமல் தடுப்பதில் அருமையான மருந்து, சிகிச்சையிலும் இடம் உண்டு. தூங்கும் செல்லை அதுவும் தொடாது.

11. ஒரு ஆய்வில் தொற்றிய செல் 90 சதவீதம் குறைஞ்சுதுன்னு படிச்சேன். அது வெற்றிதானே?

எதை எண்ணினார்கள் என்று பாருங்கள். செல்களில் காணப்படும் வைரஸ் குறிப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் உடைந்தவை, வைரஸை உண்டாக்க முடியாதவை. சாதாரண டி.என்.ஏ. பரிசோதனை அவற்றையும் சேர்த்து எண்ணும். உடைந்தவை குறைந்தாலும் எண் குறையும். முழுக் குறிப்பை மட்டும் எண்ணும் பரிசோதனைகள் உண்டு. அவையும் ரத்தத்தையே பார்க்கின்றன, 2-ஆம் பதிலின் 2 சதவீதத்தை.

எண் சரியாகவே இருந்தாலும் 90 சதவீதம் என்றால் பத்து மடங்கு குறைவுதான். பெரும்பாலானோர் ஓராண்டு மாத்திரையின்றி இருக்க ஏறத்தாழ 2,000 மடங்கு குறைய வேண்டும் என்று 2014-இல் ஒரு கணித மாதிரி கணித்தது. அதன் பிறகும் எதிர்பாராமல் வைரஸ் எழலாம். மிசிசிப்பியில் பிறந்த 30 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கப்பட்ட குழந்தைக்கு, மருந்து நின்று 27 மாதம் வைரஸே தென்படவில்லை. 2014-இல் திரும்பியது.

12. ஒரு கிளினிக்ல ஆறு லட்சம் கட்டினா ஸ்டெம் செல் போட்டு நெகட்டிவ் ஆக்கித் தர்றோம்கிறாங்க. நம்பலாமா?

கூடாது. எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. உண்மையான ஆய்வு உங்களிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்காது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் பெயர் ஒப்புதல் படிவத்தில் இருக்கும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு என்று எழுதியிருக்கும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் 1097-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

"நெகட்டிவ் ரிப்போர்ட் காட்டினார்களே" என்றால், அது அநேகமாக வைரல் லோடு அறிக்கை. மாத்திரையால் வந்த முடிவுக்கு ஆறு லட்சமா?

13. ஆய்வுன்னா மாத்திரையை நிறுத்தித்தானே பார்க்கிறாங்க. நானே ரெண்டு மாசம் நிறுத்திப் பார்த்தா?

வேண்டவே வேண்டாம். சி.டி.4 எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மாத்திரையை நிறுத்தித் தொடங்கும் முறையை 5,472 பேரிடம் சோதித்த ஸ்மார்ட் ஆய்வில், நிறுத்தியவர்களிடையே இறப்பும் நோயும் கூடியதால் 2006-இல் அதைப் பாதியில் முடித்தார்கள்.

ஆய்வில் நிறுத்துவது வேறு மாதிரி. சி.டி.4 நல்ல அளவில் இருப்பவரை மட்டும் சேர்ப்பார்கள். ஹெபடைடிஸ் பி இருந்தால் சேர்க்க மாட்டார்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைத்திருக்கின்றன, நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பொங்கி எழும். எஃபவிரென்ஸ் சாப்பிடுபவரை முன்கூட்டியே வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அது மற்ற மருந்துகள் போன பின்பும் ரத்தத்தில் தனியாகத் தங்கி, வைரஸ் எதிர்ப்பாற்றல் பெற வழிவிடும். நிறுத்திய முதல் வாரங்களில் வாராவாரம் வைரல் லோடு பார்ப்பார்கள். பொதுவாக அது 1,000-க்கு மேல் நான்கு வாரம் நின்றாலோ, சி.டி.4 எண்ணிக்கை 350-க்குக் கீழே போனாலோ, உடல்நலம் கெட்டாலோ மாத்திரை உடனே திரும்பும். நீங்களாக நிறுத்தினால் இதில் எதுவும் இருக்காது.

14. நான் ஆய்வில் சேர ரெடி. ஆனா என் மனைவிக்குத் தொற்று இல்லை. அவங்களுக்கு ஆபத்தா?

ஆம். 1-ஆம் பதிலில் சொன்ன "பரவாது" என்பது மாத்திரை நின்றதும் செல்லாது. இப்படிப்பட்ட இடைநிறுத்தத்தின்போது துணைக்குத் தொற்று போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்தாலும் முடிவு வரச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் வைரல் லோடு ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கலாம், உங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

அதனால் மனைவியிடம் முன்கூட்டியே பேச வேண்டும், அவரையும் ஆலோசனைக்கு அழைத்துப் போக வேண்டும். அவருக்குத் தடுப்பு மாத்திரை தருவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். தடுப்பு மாத்திரை ஒரே நாளில் முழுப் பாதுகாப்பைத் தந்துவிடாது, ஆகவே உங்கள் மாத்திரையை நிறுத்தும் தேதிக்கு முன்னதாகவே அவர் தொடங்கியிருக்க வேண்டும். ஆணுறையைப் பொறுத்தவரை, நிறுத்திய நாளிலிருந்து, மீண்டும் மாத்திரை தொடங்கி வைரல் லோடு அடங்கிவிட்டதாக அறிக்கை கைக்கு வரும் நாள் வரை ஒருமுறைகூட விடக்கூடாது.